அடுத்த எம்3 செடான்: இன்ஜின் ஊகம், விலை ஊகம், ஊட்டி மலைப்பாதை

கார் ஒன்றுதான். ஒரு செய்தி அதன் விலை 80 லட்சம் என்கிறது. அடுத்தது இரண்டு கோடி என்கிறது. நான்கு சிலிண்டராகக் குறைகிறது என்று ஒருவர் எழுதுகிறார். பெட்ரோலே கிடையாது, முழுக்க மின்சாரம்தான் என்று இன்னொருவர் எழுதுகிறார். பிஎம்டபிள்யூவின் அடுத்த எம்3 செடானைச் சுற்றித்தான் இத்தனையும். நீலகிரியில் இதை வாங்கப்போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். ஆனால் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வண்டி ஓட்டுகிறவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள், கார் மோகம் பிடித்த கல்லூரி மாணவர்கள் என்று இந்தச் செய்திகளைத் தேடிப் படிப்பவர்கள் ஏராளம். அவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் செய்திகளில் பெரும்பாலானவை குதிரைத்திறனைப் பிடித்துக்கொண்டு விலையை எட்டிப் பார்க்கின்றன. நம் நாட்டில் இந்த வகைக் காரின் விலை, அது எந்த வடிவத்தில் உள்ளே வருகிறது என்பதில்தான் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. மலையில் அது எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதற்கும் குதிரைத்திறன் எண் பெரிதாக உதவாது. இரண்டையும் அடியிலிருந்து பார்க்கலாம்.

‘எம்’ என்ற எழுத்து மூன்று இடங்களில் வருகிறது

பாதிக் குழப்பம் இந்த எழுத்தால் வருவதுதான்.

1. எம் ஸ்போர்ட். சாதாரண பிஎம்டபிள்யூ காருக்கு வேறு பம்பர், வேறு சக்கரம், வேறு ஸ்டீயரிங் போட்டுத் தரும் தொகுப்பு. இன்ஜின் அதேதான்.

2. எம் பெர்ஃபார்மன்ஸ். இடைநிலை. நம் ஊரில் கிடைக்கும் எம்340ஐ இதில் சேரும். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ; 374 குதிரைத்திறன். சென்னை அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆலையில் பூட்டப்படுகிறது. 2021-ல் வந்தபோது 62.90 லட்சம், 2024-ல் 74.90 லட்சம்.

3. முழு எம். எம்2, எம்3, எம்4, எம்5. இன்ஜின் உள்ளுறுப்புகள், அடிச்சட்டம், பிரேக், குளிர்விப்பு எல்லாம் தனியாக வடிவமைத்தவை. இவற்றில் இந்தியாவுக்கு வருபவை முழுக் காராகவே கப்பலில் வருகின்றன.

80 லட்சம் என்று எழுதுபவர்கள் இரண்டாவது வகையின் விலையை மூன்றாவது வகைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இப்போதைய தலைமுறை எம்3 செடான் இந்தியாவில் விற்கப்படவில்லை. அதன் இரு கதவு உறவான எம்4-தான் விற்கப்படுகிறது. 2014-ல் வந்த முந்தைய எம்3 இங்கே விற்றது, விலை சுமார் 1.20 கோடி. ஆக, அடுத்தது வருமா என்பதே முதல் கேள்வி.

எது உறுதி

அடுத்த எம்3 பெட்ரோலிலும் வரும், மின்சாரத்திலும் வரும் என்று நிறுவனத்தின் எம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மின்சார எம் கார்கள் 2027 முதல். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக நான்கு மோட்டார்கள். 100 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. பெட்ரோல் எம்3-ல் ஆறு சிலிண்டரை விடும் எண்ணமில்லை என்றும் பிரிவின் தலைமை பேசியிருக்கிறது. குதிரைத்திறன், விலை, இந்திய வரவு மூன்றும் அறிவிக்கப்படவில்லை. இந்த மூன்றைப் பற்றி எண்ணோடு வரும் எந்தச் செய்தியும் ஊகம்தான்.

நான்கு சிலிண்டர் பேச்சு எங்கிருந்து வந்தது

அது போட்டி நிறுவனத்தின் கதை. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 என்ற செடானில் 2007 வாக்கில் 6.2 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், இன்ஜின் இருந்தது. அடுத்த தலைமுறையில் அது 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 ஆனது. 2022-ல் அறிமுகமான தலைமுறையில் 2 லிட்டர் நான்கு சிலிண்டரும், பின்அச்சில் ஒரு மின்மோட்டாரும், 6.1 யூனிட் பேட்டரியும் வைத்தார்கள். காகிதத்தில் இது முன்னோர் எல்லாரையும் மிஞ்சியது: 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடையோ 2,100 கிலோவைத் தாண்டியது. 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1.95 கோடி. வி8 சத்தத்துக்கும் குணத்துக்கும் பழகிய வாடிக்கையாளர்கள் உலகெங்கும் முகம் சுளித்தார்கள். இதை வைத்துத்தான் எம்3-யும் அதே வழியில் போகும் என்று பலர் எழுதிவிட்டார்கள்.

சிலிண்டர் எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இன்ஜினைக் குலுக்குகிறது. ஒரே வரிசையில் ஆறு பிஸ்டன்கள் இருந்தால் ஒன்றின் குலுக்கலை மற்றொன்று சரிக்குச் சரியாக ரத்து செய்துவிடும். நான்கில் அப்படி முழுதாக ரத்தாகாது. மிச்சமிருக்கும் அதிர்வை அடக்க எதிர்த்தண்டுகள் சுழல விட வேண்டும். ஆறு சிலிண்டர் இன்ஜின் பட்டு மாதிரி சுழல்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வது வெறும் பாராட்டு இல்லை, இயற்பியல்.

ஆனால் எம்3-யின் வரலாறே நான்கு சிலிண்டரில்தான் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 1986-ல் வந்த முதல் எம்3, 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 200 குதிரைத்திறன், சுமார் 1,200 கிலோ. 1992-ல் ஆறு சிலிண்டர். 2000-ல் வந்த மூன்றாம் தலைமுறை 343 குதிரைத்திறன். 2007-ல் 4 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன். 2014-ல் மீண்டும் ஆறு சிலிண்டர், இம்முறை இரட்டை டர்போவுடன், 431. இப்போதையது, சிறப்புப் பதிப்புகளைத் தவிர்த்தால், 530 வரை வந்து நிற்கிறது. எடை 1,800 கிலோ அளவு. முதல் எம்3-யைக் கொண்டாடுகிறவர்கள் அதன் சிலிண்டரை எண்ணிக் கொண்டாடவில்லை, எடையை எண்ணித்தான் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால், அடுத்த எம்3 பற்றிய செய்திகளில் தேட வேண்டிய எண் இதுதான். கிலோ எத்தனை?

ஐரோப்பிய விதி எங்கே நுழைகிறது

யூரோ 7 புகை விதி ஐரோப்பாவில் புதிய கார் மாடல்களுக்கு 2026 நவம்பர் 29 முதலும், விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2027 நவம்பர் 29 முதலும் பொருந்தும். அதோடு ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி கார்பன் அளவுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுவது ஹைபிரிட். பெரிய பேட்டரியுடன் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட்டாகக் காரை மாற்றினால் சோதனை எண் சட்டென்று இறங்கும். 2024 எம்5 அதற்கு உதாரணம்: 4.4 லிட்டர் வி8, மின்மோட்டார், 18.6 யூனிட் பேட்டரி, 727 குதிரைத்திறன். ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் கிலோமீட்டருக்கு 40 கிராமுக்கும் கீழே கார்பன். எடை 2,435 கிலோ.

அந்தப் பேட்டரியால் இந்திய வாடிக்கையாளருக்கு வரிச் சலுகை ஏதும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல் காருக்கும் பெரிய ஹைபிரிட் காருக்கும் ஒரே ஜிஎஸ்டி, 40 சதவீதம். ஐரோப்பாவின் கணக்கைச் சரிக்கட்ட ஏற்றிய எடையை நாம் காசு கொடுத்துச் சுமக்கிறோம்.

2,240 மீட்டரில் இன்ஜினுக்கு என்ன ஆகிறது

விளம்பரத் தாளில் அச்சிடும் எண்கள் கடல்மட்டத்துக்கானவை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 76 சதவீதம்தான். இது எல்லார் வீட்டு அடுப்படியிலும் தெரிகிற விஷயம்: தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுக்கிறது. இன்ஜினுக்கும் அதே காற்றுதான்.

டர்போ இல்லாத இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்றையே நம்பியிருக்கிறது. காற்று குறைந்தால் எரிக்கும் பெட்ரோலும் குறையும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திறன் காணாமல் போகும். 2007 எம்3-யின் 420 குதிரைத்திறன் ஊட்டி சேரிங்கிராஸில் நிற்கும்போது 330 சொச்சம்தான். மேட்டுப்பாளையத்தில் துள்ளிய பழைய ஜீப் லவ்டேல் தாண்டியதும் மூச்சு வாங்குவதற்கும் காரணம் இதுவே.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி; அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கடல்மட்டத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியில் அதே அளவு காற்றை உள்ளே தள்ள 2.6 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அதைச் செய்துவிடும். உச்சத் திறன் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்த வேகத்தை எட்ட நேரம் எடுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு கணம் ஒன்றும் நடக்காமல், பிறகு மொத்தமாக இழுக்கும் அந்தத் தாமதம் மலையில் நீள்கிறது.

கொண்டை ஊசி வளைவில் இது எப்படித் தெரியும்? பர்லியாறு தாண்டி ஏறுகிறோம். மேலே இருந்து அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த வளைவில் பேருந்துக்கு வேறு இடமில்லை, நாம்தான் ஓரங்கட்டி நிற்கிறோம். பேருந்து போனதும் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 1,500, 2,000 என்ற அளவில்தான் இருக்கும். இந்த இடத்தில் 530 குதிரைத்திறன் உதவிக்கு வராது. அது 6,000-க்கு மேல் சுழலும்போதுதான் கிடைக்கும். இங்கே வேண்டியது குறைந்த சுழற்சியில் முறுக்குவிசை, நம் ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வது.

இழுவையை ஒப்பிட்டால் வியப்பான ஒன்று தெரியும். இப்போதைய எம்3, எம்4-ன் உச்ச முறுக்குவிசை 650 நியூட்டன் மீட்டர், ஆனால் அது 2,750 சுழற்சிக்குப் பிறகுதான் முழுசாக வரும். எம்340ஐ-யில் 500 மட்டுமே, ஆனால் 1,900 அளவிலேயே முழுசாக வந்துவிடும். அந்த வளைவில் பாதி விலைக் கார் சற்று முன்னாலேயே தயாராக இருக்கும். இப்படிக் குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டிப் பாதையில் 36.

மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை. 2,240 மீட்டரிலும் அதே எண். அதனால்தான் டர்போ விழிக்கும் வரை இடைவெளியை நிரப்ப மோட்டார் வைப்பது மலைக்கு உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடு. இது நமக்குப் புதிதும் அல்ல. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம் வரும் இடத்தில் இரண்டாவது ஜோடியும் சேர்ந்து தள்ளும். ஒரு வண்டிக்குள் இரண்டு இயக்கம், தேவைப்படும் இடத்தில் மட்டும் இரண்டாவது. ஹைபிரிட்டின் தத்துவமும் அதேதான்.

ஏறுவதைவிட இறங்குவது பெரிய சோதனை

எந்தக் கார்ச் செய்தியும் இதைத் தொடுவதில்லை. நீலகிரியில் இருப்பவர்களுக்கோ முதல் கேள்வி இதுதான்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் சுமார் 1,900 மீட்டர் கீழே இறங்குகிறோம். ஆட்களோடு 2,500 கிலோ எடையுள்ள ஒரு ஹைபிரிட் செடானை எடுத்துக்கொண்டால்:

1. அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 13 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்.

2. டயர் உராய்விலும் காற்றுத் தடையிலும் நாலரை யூனிட் போல் போய்விடும்.

3. மிச்சம் எட்டரை. இதை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். மோட்டாரைத் திருப்பி ஜெனரேட்டராக ஓட்டினால் இழப்புகள் போக 6 யூனிட் அளவு பேட்டரியில் சேரும்.

4. பேட்டரியில் இடமில்லை என்றால்? இன்ஜின் பிரேக்கிங் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக் தட்டில் வெப்பமாகும். எட்டரை யூனிட் என்பது சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம்.

இப்போது பேட்டரி அளவுகளைப் பாருங்கள். 6.1 யூனிட் பேட்டரியை ஊட்டி விடுதியில் முழு சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கிளம்பினால், முதல் வளைவிலேயே அதில் இடமில்லை. 18.6 யூனிட் பேட்டரி பாதியில் இருந்தால் மொத்த இறக்கத்தையும் தாங்கும். 100 யூனிட் மின்சார எம்3-க்கு இது ஒரு பொருட்டே இல்லை. 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டு இறங்கினால் போதும். அந்தக் கார் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற 18, 19 யூனிட் செலவாகும் என்பது என் கணக்கு. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏறின கியரில் இறங்கு என்று நம் ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பெட்ரோல் எம்3-க்கும் அப்படியே பொருந்தும். தானியங்கி கியர்பாக்ஸ் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டீயரிங் பின்னாலுள்ள துடுப்பை இழுத்து இரண்டாவது கியரில் நிறுத்த வேண்டும். சீசன் நேரத்தில் கல்லாறு சோதனைச்சாவடி அருகே நின்றால், இறங்கி வரும் வெளியூர்க் கார்களின் சக்கரங்களிலிருந்து பிரேக் எரிந்த வாசம் மூக்கில் ஏறும். விலை உயர்ந்த கார் என்பதால் அந்த வாசம் வராமல் இருப்பதில்லை. எடை கூடக் கூட அது சீக்கிரம் வரும்.

விலை: 100 ரூபாய் 353 ஆகும் விதம்

முழுசாகப் பூட்டி இறக்குமதியாகும் காரைச் சிபியு என்றும், உதிரிபாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுவதைச் சிகேடி என்றும் சொல்வார்கள். விலைச் செய்தியைப் படிக்க இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் போதும்.

சிபியுவாக வரும் பெட்ரோல் காரின் கணக்கு:

1. கப்பல் கட்டணம், காப்பீடு சேர்த்துத் துறைமுகத்தில் இறங்கும் மதிப்பு 100 ரூபாய் என்போம்.

2. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு அடிப்படைச் சுங்கம் 70 சதவீதம், வேளாண் உள்கட்டமைப்பு வரி 40 சதவீதம். 2025 பட்ஜெட்டில் சுங்கம் குறைந்தது என்று தலைப்பு வந்தது. ஒன்றைக் குறைத்து மற்றொன்றை வைத்ததால் மொத்தம் பழையபடி 110-தான். கார் இப்போது 210 ரூபாய்.

3. அதன் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி. 294 ரூபாய். முன்பு செடானுக்கு 28 சதவீதமும் 20 சதவீத செஸும் சேர்ந்து 48 இருந்தது. அப்போது இதே இடத்தில் 311 வரும்.

4. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். சுமார் 353 ரூபாய்.

டீலர் லாபம், காப்பீடு இன்னும் சேரவில்லை. வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய ஒரு சதவீத முன்வரியும் தனி.

அதே கார் சிகேடியாக வந்தால் சுங்கம் 15 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி சேர்த்து 16.5. பிறகு ஜிஎஸ்டி, சாலை வரி எல்லாம் போட்டால் 196 ரூபாய். இங்கே பூட்டும் கூலியும் ஆலைச் செலவும் அதில் சேரும் என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் குறைவு, என்றாலும் பெரியது. எம்340ஐ-யும் எம்4-உம் வெளிநாட்டில் சுமார் ஒன்றரை மடங்கு விலை வித்தியாசத்தில் விற்கின்றன. இங்கே 2024-ல் ஒன்று 74.90 லட்சம், மற்றொன்று 1.53 கோடி. இரண்டு மடங்குக்கும் மேல். இடைவெளி விரிந்ததற்குக் காரணம் வரி.

அப்படியானால் எம்3-யையும் சென்னையிலேயே பூட்டலாமே? இங்கேதான் இன்ஜின் கேள்வியும் விலைக் கேள்வியும் ஒன்றாகச் சேர்கின்றன. சிகேடிக்குரிய குறைந்த வரி கிடைக்க இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டப்படாமல் வர வேண்டும். பூட்டிய இன்ஜினோடு வந்தால் சுங்கம் 35 சதவீதம். அதனால்தான் சென்னை ஆலைக்கான இன்ஜின்களை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இங்கேயே பூட்டிச் சோதித்துக் கொடுக்கிறது. எம்340ஐ-யின் இன்ஜின் மற்ற பல மாடல்களிலும் வருவது, அதற்கு வரிசை அமைப்பது கட்டுப்படியாகும். முழு எம் கார்களின் இன்ஜின் வேறு. ஆண்டுக்குச் சில நூறு கூட விற்காத காருக்குத் தனி வரிசை, தனிக் கருவிகள், தனிச் சோதனை என்று யாரும் செலவு செய்ய மாட்டார்கள். எம்2, எம்4, எம்5 மூன்றும் சிபியுவாக வருவது இதனால்தான். அடுத்த எம்3 வந்தாலும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

மின்சார எம்3-க்கு வேறு கணக்கு

மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. சிபியுவாக வந்து 110 சதவீதச் சுங்கம் கட்டினாலும் 210 ரூபாய் 220.50 ஆகும், பெட்ரோல் காருக்கு அது 294. இதன் பொருள்: ஜெர்மனியில் மின்சார எம்3, பெட்ரோல் எம்3-யைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலைக்கு விற்றாலும், இங்கே இரண்டும் ஒரே ஷோரூம் விலையில் நிற்கும். கூடுதல் அவ்வளவு இல்லையென்றால் மின்சாரமே மலிவு.

ஆகவே ஐரோப்பிய விலையை யூரோவிலிருந்து ரூபாய்க்கு மாற்றி, மின்சாரம்தான் விலை அதிகம் என்று இந்தியாவுக்கும் எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம். வரிசை இங்கே தலைகீழாக மாற வாய்ப்பு உண்டு.

ஒப்பந்தமும் யூரோவும்

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தன. கார்களுக்கான 110 சதவீதச் சுங்கம், ஆண்டு ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள், படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்பது அதன் சாரம். 10 சதவீதம் வந்துவிட்டால் மேலே பார்த்த 294 ரூபாய் 154 ஆகும். அடுத்த நாளே விலை பாதியாகும் என்று பரவியது இதை வைத்துத்தான். இரு தரப்பும் முறைப்படி ஏற்று நடைமுறைக்கு வர வேண்டும், பிறகு படிப்படியாக இறங்க வேண்டும், ஒதுக்கீட்டை எந்த மாடலுக்குச் செலவிடுவது என்று நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். அதிகம் விற்கும் எஸ்யூவிக்குத்தான் முதலிடம் தருவார்கள் என்பது என் எண்ணம்.

மறுபக்கம் யூரோ. 2024 மே மாதத்தில் 90 ரூபாய் அளவில் இருந்த யூரோ, 2025 பிற்பகுதியில் 100-ஐத் தாண்டியது. வரி எதுவும் மாறாமலே கார் பத்து சதவீதத்துக்கு மேல் விலை ஏறியதற்குச் சமம்.

அப்படியானால் எவ்வளவு

எம்4-ன் 2024 மே விலை 1.53 கோடியை அடித்தளமாகக் கொள்கிறேன். ஜிஎஸ்டி 48-லிருந்து 40 ஆனதை மட்டும் சேர்த்தால் 1.45 கோடி. யூரோ ஏற்றத்தைச் சேர்த்தால் 1.60 கோடியைத் தாண்டும். புதுத் தலைமுறை, யூரோ 7-க்கான மாற்றங்கள், ஒருவேளை இன்ஜினுக்குக் கைகொடுக்கும் சிறிய 48 வோல்ட் துணை மோட்டார் என்று இவையும் சேரும். பெட்ரோல் எம்3 சிபியுவாக வந்தால் 1.60 முதல் 1.80 கோடி ஷோரூம் விலை என்பது என் மதிப்பீடு. அதன் மேல் 20 சதவீதச் சாலை வரி போட்டால் 1.92 முதல் 2.16 கோடி; காப்பீடு தனி. இரண்டு கோடி என்ற தலைப்பு பொய்யில்லை, அது சாலைக்கு வரும் விலை. ஷோரூம் விலையா, ஆன்-ரோடு விலையா என்று சொல்லாததுதான் அதன் பிழை.

இன்ஜினில் என் கணிப்பு, ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, சிறிய பேட்டரி. எம்5 போலப் பெரிய பேட்டரி வைத்து இரண்டு டன்னைத் தாண்டினால் அது எம்3-யாக இருக்காது. அதையும் செய்ய நேர்ந்தால் மின்சார எம்3-யைத் தனியாக விற்பதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

வந்தபிறகு ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோவையில் டெமோ காரைக் கொடுத்து அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒரு சுற்று போய் வரச் சொல்வார்கள். பத்து கிலோமீட்டர் நேர்ச்சாலையில் இந்தக் கட்டுரையில் பார்த்த எதுவும் தெரியாது. கல்லாறு தாண்டி பர்லியாறு வரை ஏறி இறங்கக் கேளுங்கள். ஏறும்போது ஒரு வளைவில் நிறுத்திவிட்டுக் கிளப்பிப் பாருங்கள், ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கும் கார் இழுப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று. இறங்கும்போது பிரேக் மிதியில் கால் வைக்காமல் இரண்டாவது கியரில் எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். நம் நீலகிரி டிஎன் 43 வண்டிகளுக்கு மலையேற இ-பாஸ் தேவையில்லை, ஆனால் டெமோ காரில் கோவைப் பதிவெண் இருக்கும். பாஸை முந்தின நாளே எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள்.